ஜோஹார் பள்ளத்தாக்கில் பேய் இல்லை

லண்டன் ஹவுன்ஸ்லோவில், மருந்துக்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் இருக்கிறது நான் வேலை செய்யும் பயண முகவர் நிலையம். எங்கள் முதலாளி கென்யாவில் பிறந்த குஜராத்திப் பெண்மணி. கொழும்புக்கும் சென்னைக்கும் அகமதாபாத்துக்கும் விமான ரிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் பல வருடங்களாக எங்கள் தொழில். சனங்கள் தங்கள் தொலைபேசியிலேயே ரிக்கெட் எடுக்கப் பழகியதும் கடைக்குள் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அப்போதுதான் அவர் இமயமலை நடைப்பயணம் நடத்துவோம் என்று முடிவெடுத்தார்.

டெல்லியில் அவருக்குத் தெரிந்த ஒரு முகவர், ஜோஹார் என்ற பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லியிருந்தார். உத்தராகண்ட் மாநிலத்தில், பித்தோராகர் மாவட்டத்தின் வடக்குக் கோடியில், திபெத் எல்லையை ஒட்டி இருப்பது. மற்ற இடங்களைப் போல் இன்னும் கூட்டம் நிறையாத இடம். துண்டுப்பிரசுரமும் இணையப் பக்கமும் எழுதும் வேலை என்னிடம் வந்தது. யாழ்ப்பாணத்தில் நான் ஆறு வருடம் புவியியல் படிப்பித்தவள் என்பதுதான் காரணம்.

மலையும் ஆறும் இல்லாத ஊரில் புவியியல் படிப்பிப்பது ஒரு விதமான வேலை. இமயமலையைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறியிருக்கிறேன். பனிக்கட்டியாறு எப்படிப் பாறையை அரைத்துக்கொண்டு இறங்கும் என்று அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். அதுவரைக்கும் நான் ஏறிய ஆக உயரமான இடம் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தாங்கியின் ஏணி. லண்டனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் ஒரு மலையை அருகில் போய்ப் பார்த்தது கிடையாது.

டெல்லி முகவர் படங்கள் அனுப்பினார். அதில் ஒன்றை முதலாளிக்கு மிகவும் பிடித்துவிட்டது. கல்லால் கட்டிய வீடு. கூரையில் பாதி விழுந்திருந்தது. முற்றத்தில் புல். வாசல் நிலையில் பூவும் கொடியும் செதுக்கிய வேலைப்பாடு. பின்னால் வெண்பனி மூடிய சிகரம். இந்தப் பள்ளத்தாக்கின் மேல் ஊர்கள் முக்கால்வாசி வெறுமையாகக் கிடக்கின்றன, "பேய்க் கிராமம்" என்று போட்டால் இளம் ஆட்கள் வருவார்கள் என்று டெல்லியிலிருந்து ஆலோசனையும் வந்தது. நான் அதை அப்படியே எடுத்து எழுதினேன். கைவிடப்பட்ட வீடுகள், காற்றில் ஆடும் கதவுகள், ஆளில்லாத் தெருக்கள் என்று இரண்டு பக்கம். எழுதும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. முதலாளி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து முன் கண்ணாடியில் ஒட்டினார்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், விமான நிலைய வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் மேலங்கியோடு ஒருவர் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். படத்தைப் பார்த்தார், எழுத்தை வாசித்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். முதலாளி பல் வைத்தியரிடம் போயிருந்ததால் நான் மட்டுமே இருந்தேன். நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். அதை என் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அந்தப் படம் எங்கே எடுத்தது தெரியுமா என்று கேட்டார். நான் வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்த உற்சாகத்தில் ஜோஹார் பள்ளத்தாக்கைப் பற்றி மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், எனக்கு அந்த இடம் தெரியும்," என்றார். "அது என்ர சித்தப்பாவின்ர வீடு."

நான் திரும்பிப் படத்தைப் பார்க்க, அவர் தொடர்ந்தார்.

"பேய் இருக்கு எண்டு எழுதியிருக்கிறியள். வைகாசி, ஆனியிலை போனால் சித்தப்பா அங்கை உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டு நிப்பார். வாற சனம் அவரைப் பாத்துப் பயந்துபோடும்."

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத் தேநீர் போடும் சாட்டில் பின்னால் போனேன்.

காரணம் இதுதான். போர் முடிந்தும் சில வருடங்கள் எங்கள் ஊர் ராணுவத்தின் கையில் இருந்ததால், நாங்கள் உள்ளே போய்க் குடியிருக்க முடியாமல் இருந்தது. பிரதான வீதி மட்டும் திறந்திருந்தது. தெற்கிலிருந்து சுற்றுலா பஸ்கள் அந்த வீதியால் வந்து போயின. எங்கள் வீடு வீதியோரம். கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நின்றன. தெற்கு லண்டனில், நோர்பரியில் இருக்கும் என் மச்சாள் ஒருநாள் இணையத்தில் வந்த ஒரு படத்தை அனுப்பினாள். நாங்கள் சமைத்துச் சாப்பிட்ட குசினியின் ஜன்னலில் யாரோ ஒரு பெண் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்து சிரிக்கிறாள். கைவிடப்பட்ட வீடு, அழகான வெளிச்சம் என்று கீழே எழுதியிருந்தது. அந்த வீட்டின் உறுதிப் பத்திரம் அப்போது என் அலுமாரிக்குள் இருந்தது. நாங்கள் அதைக் கைவிடவில்லை. அப்படிப்பட்ட நான்தான் இந்த மனிதரின் சித்தப்பா வீட்டில் பேயைக் குடியேற்றியிருந்தேன்.

தேநீரைக் கொண்டுவந்து வைத்து, எழுதியது நான்தான், மன்னியுங்கள் என்று சொன்னேன். எங்கள் வீட்டுக் கதையையும் சொன்னேன். போரில் உடைந்ததா அவர்கள் வீடும் என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். அங்கே ஒரு குண்டும் விழவில்லை. பனிப் பாரம் தாங்காமல் கூரை விழுந்தது, அவ்வளவுதான் என்றார்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் ஷிப்ட் முடிந்து அவர் கடைக்கு வருவது வழக்கமாயிற்று. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் பெரிய சமையற்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. அவர்கள் ஊரில் அண்ணனைத் தாஜ்யூ என்று கூப்பிடுவார்களாம். எனக்கு அந்தச் சொல் வாயில் வராததால் அண்ணை என்றே கூப்பிட்டேன். அதற்கு அவர் பழகிக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு கொப்பியில் எழுதினேன்.

அவருடைய ஆட்கள் வியாபாரிகள். அவர் தகப்பன் பன்னிரண்டு வயதில் ஆட்டுமந்தையோடு கணவாய் தாண்டித் திபெத்துக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் இரண்டு சிறிய பைகள். போகும்போது தானியமும் வெல்லமும், வரும்போது உப்பும் கம்பளியும். திபெத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கூட்டாளிக் குடும்பம் இருக்கும். முதல் உடன்பாட்டின்போது ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னர் மகனோ பேரனோ வந்தாலும் இரண்டு பாதியும் பொருந்தினால் சரி. கோடையில் மேல் ஊர்களிலும் குளிர்காலத்தில் கீழே முன்சியாரி என்ற சிற்றூர்ப் பக்கமும் வாழ்வார்கள். மலைப்பாதைகள் அத்துப்படி என்பதால், வெள்ளைக்காரர் காலத்தில் இந்த ஊர் ஆட்கள் சிலர் திபெத்துக்குள் மாறுவேடத்தில் போய், காலடிகளை எண்ணி எண்ணித் தூரம் அளந்து வரைபடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு திடுக்கம். நான் கரும்பலகையில் கீறிய வரைபடத்தில் ஒரு பகுதி, இவருடைய ஊரவர்கள் நடந்து அளந்தது.

அறுபத்திரண்டில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யுத்தம் வந்தது. எல்லை மூடப்பட்டது. வியாபாரம் நின்றது. ஆடுகளை விற்றார்கள். பிள்ளைகள் கீழே படித்து அரசாங்க வேலைகளுக்குப் போனார்கள். மேல் ஊர்களுக்குக் கோடையில் சில குடும்பங்கள் மட்டும் போய், உருளைக்கிழங்கும் மூலிகையும் பயிரிட்டுவிட்டு ஐப்பசிக்குள் இறங்கிவிடும்.

நான் ஒருமுறை, ஊர் இப்படிப் போனது உங்களுக்கு வேதனையாக இல்லையா என்று கேட்டேன்.

"என்ன வேதனை?" என்றார். "மேலை பள்ளிக்கூடம் இல்லை, டொக்டர் இல்லை. நான் இஞ்சை வந்தது விரும்பித்தான். அங்கை இருக்கிற சனத்துக்கு உழைப்பு வேணும். வெளியாட்கள் வரட்டும். ஆனால் ஆரின்ர வீடு எண்டு கேட்டுப்போட்டுப் படம் எடுக்கட்டும்."

இந்தக் கடைசி வசனத்தை நான் முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் கெட்ட மனுசியில்லை. ஆனால் பேய்ப் படம் ஒட்டிய பிறகுதான் இளம் ஆட்கள் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பதில் உறுதியாக இருந்தார். நான் என் குசினி ஜன்னலின் கதையைச் சொன்னேன். பன்னிரண்டு வருடம் அவரோடு வேலை செய்தும் அதைச் சொன்னதில்லை. அவர் கணினியை மூடிவிட்டுக் கேட்டார். பிறகு எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினார். "சரி, பேய் இல்லாமல் எட்டுப் பேரைச் சேர்த்துக் காட்டு," என்றார்.

எட்டுப் பேருக்கு நான் எங்கே போவது? எனக்குத் தெரிந்தவர்கள் தமிழர்கள்தான். கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில், ஓய்வு பெற்ற எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் மண்டபம் ஒன்று உண்டு. அங்கே அரை மணித்தியாலம் கேட்டு வாங்கினேன். அண்ணை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். நான் ஒரு பழைய ஆசிரியையின் பெருமையோடு படங்களைப் போட்டுக் காட்டினேன். கோரி என்ற ஆறு, வெள்ளை நிறத்தாள் என்று அர்த்தம், பனிக்கட்டியாற்றிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் போல் இறங்கி வருவதை விளக்கினேன். முன்சியாரிக்கு எதிரே வரிசையாக நிற்கும் பஞ்சசூலியின் ஐந்து சிகரங்களைக் காட்டினேன். சூலி என்றால் அடுப்பு. பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போகுமுன் கடைசியாகச் சமைத்த அடுப்புகள் என்பது அந்த ஊர்க் கதை.

முடித்ததும் முதல் கேள்வி, இதால் கைலாயம் போகலாமா என்பது. பழைய பாதை இருக்கிறது, எல்லை பூட்டியிருக்கிறது என்றேன். நாலைந்து பேர் எழுந்து வடை இருந்த மேசைக்குப் போய்விட்டார்கள். நோர்பரியிலிருந்து வந்த ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, எனக்கு ரெண்டு முழங்காலும் மாத்தினது. நடக்க ஏலுமோ?"

அண்ணைக்கு மொழிபெயர்த்தேன். அவர் யோசிக்காமல், மேலே போகவே வேண்டாம், பாதை செங்குத்து, பல நாள் நடை, இவருடைய முழங்காலை அது தின்றுவிடும் என்றார். பயணத்தை விற்கப் போன இடத்தில் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. முன்சியாரி வரைக்கும் ஜீப் போகும், தன் சித்தப்பாவின் மகள் வீட்டில் அறைகள் வாடகைக்கு விடுகிறாள், கழிப்பறை உள்ளேயே இருக்கிறது, முற்றத்தில் கதிரை போட்டு இருந்தால் ஐந்து சிகரமும் தெரியும், ஒருவரும் ஓர் அடியும் ஏறத் தேவையில்லை என்றார்.

மண்டபத்தில் இருந்தவர்கள் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து இருந்தார்கள். நடைப்பயணம் என்று நாங்கள் போட்டிருந்த திட்டம் அன்றைக்கே செத்துப்போனது. ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். எட்டாவது ஆளாக நான் போனேன்.

ஐப்பசியில் புறப்பட்டோம். அண்ணைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. டெல்லியிலிருந்து இரவு ரயில், பிறகு இரண்டு நாள் ஜீப். வளைவுகளில் நான்கு பேர் சத்தி எடுத்தார்கள். முன்சியாரியில் இறங்கியபோது எதிரே வெள்ளை முகில் மட்டும் இருந்தது. மூன்று நாள் அப்படியே. ஐந்து அடுப்பில் ஒன்றுகூடத் தெரியவில்லை. வீட்டுக்காரி, அண்ணையின் தங்கை முறையானவர், எங்களுக்குக் கறுத்த ரொட்டி சுட்டுத் தந்தார். அது குரக்கன், கேழ்வரகு, என்று கண்டதும் எங்கள் ஆட்களுக்கு ஒரே கலகலப்பு. நீரிழிவுக்கு லண்டனில் தினமும் தின்னும் சாமானைத் தின்னவா இமயமலைக்கு வந்தோம் என்று ஒருவர் முறைப்பட்டார். தாதி அம்மா குசினிக்குள் போய் அதே மாவில் புட்டு அவித்தார். வீட்டுக்காரி அதை நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார்.

மூன்றாம் நாள், மேல் ஊரிலிருந்து சித்தப்பா இறங்கி வந்தார். எண்பதை நெருங்கிய மெலிந்த மனிதர், கம்பளித் தொப்பி. இரண்டு கோவேறு கழுதைகளில் உருளைக்கிழங்கு மூட்டை. வந்து முற்றத்தில் இருந்து, பாதணியைக் கழற்றிக் காலைத் தேய்த்தார். நான் அவருக்கு முன்னால் போய் இருந்தேன். ஏன் இருந்தேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டால், லண்டனில் நாங்கள் ஒட்டியது அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் தொலைபேசியை எடுத்து, நாங்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினேன். என்ன எழுதியிருந்தேன் என்பதையும் மகளைக் கொண்டு சொல்லச் செய்தேன்.

அவர் தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பேயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படத்தின் கீழ்மூலையில் தெரிந்த மதிலின் உட்புறத்தைத் தொட்டு மகளிடம் ஏதோ சொன்னார். மகள் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்:

"இதை எடுத்த ஆள் மதிலைத் தாண்டி உள்ளை வந்திருக்கிறார் எண்டு அப்பா சொல்லுறார். மதிலோடை மூலிகைக் கன்றுகள் வைச்சிருந்தவராம். அந்த முறை அதெல்லாம் மிதிபட்டுக் கிடந்ததாம். ஆடு எண்டு நினைச்சவராம்."

நான் கும்பிட்டேன். அவர் என் கையைத் தட்டிக் கீழே இறக்கிவிட்டு, எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு விளையுமா என்று கேட்டார். விளையும், மார்கழியில் நடுவோம், எங்கள் ஊர் மண் சிவப்பு என்றேன். சிவப்பு மண்ணில் எப்படி என்று அவர் நம்பவில்லை. குசினி ஜன்னல் படத்தைக் காட்டினேன். அதில் சுவருக்குக் கீழே மண் தெரிந்தது. அந்தப் படத்தை வேறொருவருக்கு நானாக எடுத்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. அவர் மண்ணை மட்டும் பார்த்தார். நல்ல மண் என்றார்.

நாலாம் நாள் காலை தாதி அம்மா எல்லோருடைய கதவையும் தட்டினார். வெளியே வந்தோம். ஐந்தும் நின்றன. நான் எத்தனையோ தடவை கீறிய முக்கோணங்களைப் போல் அவை இருக்கவில்லை. மிகவும் கிட்ட, மிகவும் பெரிதாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி. முதலில் இடது பக்கச் சிகரத்தில் வெயில் விழுந்தது, பிறகு மற்றவற்றில். ஒருவரும் படம் எடுக்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். எல்லோரும் எடுத்தார்கள். நானும் நாற்பது எடுத்தேன். முறைப்பாட்டுக்காரர் தேவாரம் ஒன்றை மெதுவாகச் சொல்லிவிட்டு, ரொட்டி கேட்டு உள்ளே போனார்.

மேல் ஊர்ப் பக்கம் அரை நாள் நடந்து பார்க்கலாம் என்று நானும் இன்னும் இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். ஆற்றின் இரைச்சலில் பக்கத்தில் வருகிறவரின் குரல்கூடக் கேட்கவில்லை. ஓரிடத்தில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. திரும்பிவிட்டோம். சித்தப்பாவின் வாசல் நிலையை நான் இன்றுவரை நேரில் காணவில்லை.

லண்டனுக்கு வந்து பிரசுரத்தைப் புதிதாக எழுதினேன். முன்சியாரியில் தங்குவதை முதலிலும், நடக்க முடிந்தவர்களுக்கு மேல் ஊர்களைப் பிறகும் போட்டேன். வீடுகளுக்கு ஆட்கள் உண்டு, கோடையில் வருவார்கள், உள்ளே கால் வைக்குமுன் கேளுங்கள் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். முதலாளி அதை வாசித்துவிட்டு, இது பள்ளிக்கூட அறிவித்தல் மாதிரி இருக்கிறது என்றார். எடுக்கச் சொல்லவில்லை. இரண்டாவது குழுவில் பதினொரு பேர். தாதி அம்மா அதிலும் போனார். அந்த முறை அண்ணையும் விடுப்பு எடுத்துப் போய், திரும்பி வந்து, எங்கள் ஆட்கள் விட்டுவந்த பிளாஸ்ரிக் போத்தல்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் என்னை ஏசினார்.

இப்போது மேல் ஊர்களை நோக்கி ஜீப் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது வந்தால் மதில் தாண்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள் என்பது என் பயம். தகரம் ஏற்றிப் போய்ச் சித்தப்பாவின் கூரையைப் போடலாம் என்பது அண்ணையின் கணக்கு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இதைப் பற்றி வாக்குவாதப்படுகிறோம். முதலாளி இரண்டு பக்கமும் சேராமல், அந்த ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று கேட்கிறார்.